ஏதென்ஸ் வெள்ளிச் சுரங்க அடிமைகளுக்குக் கூலி உண்டா? ரோமில் நிலைமை மேலா?

மாரிக்குப்பம் லோக்கல் எழுதியது:

பெங்களூரில் கிரேக்க, ரோம வரலாறு படித்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

நான் கேஜிஎஃப்காரன் (கோலார் தங்க வயல்). தினமும் காலை ரயிலில் பெங்களூர் வந்து ராத்திரி திரும்பும் கூட்டத்தில் ஒருவன். உட்கார இடம் கிடைத்துவிட்டால் போனில் எதையாவது படித்துக்கொண்டே வருவேன். இப்போது ஏதென்ஸ். கிமு 480 சலாமிஸ் கடற்போர். பாரசீகர்களை அடித்து விரட்டிய கப்பல்களுக்குப் பணம் லவுரியோன் வெள்ளிச் சுரங்கத்திலிருந்து வந்ததாம். கிமு 483 வாக்கில் அங்கே பெரிய வெள்ளிப் படிவு அகப்பட்டிருக்கிறது. பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போடலாம் என்று பேச்சு ஓட, வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்று தெமிஸ்டோகிளீஸ் சபையில் பேசி ஜெயித்திருக்கிறார். அதற்குப் பிறகு அரை வரி: சுரங்கத்தில் அடிமைகள் வேலை செய்தனர். அவ்வளவுதான். அடுத்த பத்தியில் கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது.

நான் அந்த அரை வரியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் தாத்தா சாம்பியன் ரீஃப் மைன்ஸில் வேலை பார்த்தவர். ஏர் பிளாஸ்ட் (ஆழத்தில் பாறை வெடித்து நிலமே அதிர்வது) அடித்தால் லைன் வீட்டு அலமாரியில் இருக்கும் தட்டு, டம்ளர் எல்லாம் கீழே விழும். பாட்டி அதை எடுத்து வைக்காமல் வாசலில் போய் நிற்பாராம், சங்கு ஊதுகிறதா என்று. கடைசிக் காலத்தில் தாத்தாவுக்கு நெஞ்சு முழுக்கக் கல் தூசி. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது அவர் உயிரோடு இல்லை.

இதை ரயிலில் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "உங்க தாத்தா மட்டும் என்ன, அதுவும் ஒரு அடிமை வேலைதானே" என்றார். கோபம் வந்துவிட்டது. 1930இல் கைரேகை வைக்கச் சொன்னதற்கு கேஜிஎஃப்பே வேலைநிறுத்தம் செய்தது. அடிமைக்கு அது முடியுமா? ஆனால் எங்கே கோடு கிழிப்பது என்று எனக்குத் திருத்தமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே கேட்கிறேன். லவுரியோனில் அந்த ஆட்கள் யாருடையவர்கள்? நகரத்துக்குச் சொந்தமா, தனியாருக்கா? கையில் காசு ஏதாவது வந்ததா? வெளியே வர வழி இருந்ததா? ரோமில் இதைவிடப் பரவாயில்லை என்கிறார்களே, அது உண்மையா?

---

ஜெயநகர் நாலாவது பிளாக் எழுதியது:

ரோம் நிச்சயம் மேல் சார். எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர்தான், இன்று உலகமே அவர் தத்துவத்தைப் படிக்கிறது. ரோம அரசியல்வாதி சிசரோவின் எழுத்தர் டைரோவும் அடிமைதான். கிமு 53இல் விடுதலை கொடுத்தார்கள், கடைசிவரை சிசரோ குடும்பத்துக்கு நண்பராக இருந்தார். விடுதலையானால் ரோமக் குடியுரிமையே கிடைக்கும். ஏதென்ஸில் அது கிடையாது. அமெரிக்கத் தோட்ட அடிமைத்தனத்தை மனதில் வைத்துக்கொண்டு ரோமைப் பார்க்கக் கூடாது.

---

பீன்யா கணக்கர் எழுதியது:

தம்பி, ஜெயநகர்க்காரர் சொன்ன டைரோ, எபிக்டெட்டஸ் எல்லாம் உண்மை. ஆனால் நீங்கள் கேட்டது சுரங்கம். அங்கிருந்து ஒரு டைரோகூட வரவில்லை.

நான் ஆள் சப்ளை செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். மஸ்டர் ரோல், பிஎஃப், இஎஸ்ஐ சலான், மாதக் கடைசியில் பில். இருபது வருடத்துக்கு மேல் இதிலேயே போய்விட்டது. அதனால் கிரேக்கர்களைப் படிக்கும்போதும் தத்துவத்தைத் தாண்டிவிட்டுக் கணக்கு எங்கே என்றுதான் கண் தேடும். நல்ல வேளை, கணக்கு இருக்கிறது.

கிமு 355 வாக்கில் ஏதென்ஸ் எழுத்தாளர் செனோபோன் நகர வருமானத்தைப் பெருக்க யோசனை சொல்லி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் போகிற போக்கில் பழைய செய்தி ஒன்றைச் சொல்கிறார். தளபதி நிக்கியாஸிடம் சுரங்க வேலைக்கென்று 1,000 ஆட்கள் இருந்தார்கள். அவர்களை சோசியாஸ் என்ற திரேஸ்காரனுக்கு (திரேஸ், கிரேக்கத்துக்கு வடகிழக்கே உள்ள நாடு) வாடகைக்கு விட்டிருந்தார். தலைக்கு நாளொன்றுக்கு ஒரு ஓபோல் (சின்ன வெள்ளிக் காசு), செலவெல்லாம் போக நிகரம். நிபந்தனை ஒன்று: எண்ணிக்கை எப்போதும் குறையக் கூடாது. ஹிப்போனிகஸ் 600 பேரையும் பிலெமோனிடீஸ் 300 பேரையும் இதே மாதிரி விட்டிருந்தார்கள். ஆக உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: சுரங்க நிலம் நகரத்துடையது, குத்தகைக்கு விடுவார்கள், ஆட்கள் தனியாருடையவர்கள், வேலை வாங்குகிறவன் மூன்றாவது ஆள். இந்த முக்கோணத்தை பீன்யா தொழிற்பேட்டையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்த நிபந்தனையில் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் ஒப்பந்தத்திலும் ஆள் குறைந்தால் அடுத்த ஷிஃப்டுக்குள் மாற்று ஆள் விட வேண்டும் என்று இருக்கிறது. ஒரு பையன் வரவில்லை என்றால் ராய்ச்சூருக்கோ ஒடிசாவுக்கோ ஊருக்குப் போயிருப்பான், இல்லை பக்கத்து ஷெட்டில் ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்திருக்கும். போன் செய்தால் எடுக்க மாட்டான். அது அவன் உரிமை. எனக்குத்தான் பில்லில் தலைவலி. நிக்கியாஸ் ஒப்பந்தத்தில் ஆள் குறைய இரண்டு வழிதான்: ஓடிப்போக வேண்டும், இல்லை சாக வேண்டும். இரண்டுக்கும் நஷ்டம் சோசியாஸ் தலையில். நிக்கியாஸுக்கு 1,000 என்றால் 1,000. நீங்கள் கோடு கிழிக்கக் கேட்டீர்களே, நான் இங்கேதான் கிழிப்பேன். உங்கள் தாத்தா கஷ்டப்பட்டார், உயிரைக் கொடுத்தார். ஆனால் அவர் யாருடைய ஐந்தொகையிலும் (பேலன்ஸ் ஷீட்) சொத்துப் பக்கத்தில் இல்லை.

இனி ரூபாய் கணக்கு. ஆறு ஓபோல் ஒரு திராக்மா. 6,000 திராக்மா ஒரு தாலந்து, பைபிளில் வருகிற அதே தாலந்து. நிக்கியாஸ் செய்ததை அரசாங்கமே செய்யலாமே என்பதுதான் செனோபோனின் யோசனை. அரசு ஆள் வாங்கி, பொது முத்திரை குத்தி, வாடகைக்கு விட வேண்டும். 6,000 பேர் சேர்ந்தால் ஆண்டுக்கு 60 தாலந்து வரும் என்கிறார். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். 6,000 ஓபோல் என்றால் நாளுக்கு 1,000 திராக்மா. 60 தாலந்து என்றால் 3,60,000 திராக்மா. வகுத்தால் 360 நாள். வார லீவு, காய்ச்சல், மழை, எதற்கும் கழிவு இல்லை. ஏதென்ஸ் பண்டிகைக்குப் பேர்போன ஊர், மாதம் தவறாமல் ஊர்வலமும் பலியும் நாடகமும். வாடகைக் கணக்கில் ஒரு பண்டிகையும் வரவில்லை.

ஆள் விலை என்ன? அதற்கும் ரசீது இருக்கிறது, கல்லில். கிமு 415இல் ஏதென்ஸ் தெருக்களில் நின்ற ஹெர்மீஸ் சிலைகளை ஒரே ராத்திரியில் யாரோ உடைத்துவிட்டார்கள். எலூசிஸ் ஊரின் ரகசிய மதச் சடங்கை வீட்டுக்குள் கேலி செய்தார்கள் என்ற வழக்கும் அதோடு சேர்ந்துகொண்டது. மாட்டியவர்களின் சொத்தையெல்லாம் பறிமுதல் செய்து ஏலம் போட்டு, பட்டியலைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். துண்டு துண்டாகக் கிடைத்திருக்கிறது. பிரேயஸ் துறைமுகத்தில் குடியிருந்த கெபிசோடோரோஸ் என்ற வெளியூர்க்காரரின் ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். திரேஸ் பெண் 165 திராக்மா. திரேஸ் பெண் 135. திரேஸ் ஆண் 170. சிரியா ஆண் 240. காரியா ஆண் 105. கொல்கிஸ் ஆண் 153. காரியா பையன் 174. காரியா சின்னப் பையன் 72. லிடியா பெண் 85. விற்பனை வரிகூட ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதியிருக்கிறது. ஆட்களுக்குப் பெயர் இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்பது மட்டும்தான்.

170 திராக்மாவுக்கு வாங்கி நாளுக்கு ஒரு ஓபோலுக்கு விட்டால் வருடத்துக்கு 60 திராக்மா. மூன்று வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஆள் செத்தாலும் சோசியாஸ் இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்துவான். இதைவிடப் பாதுகாப்பான முதலீட்டை நான் பார்த்ததில்லை. ஆகவே பெரிய மனிதர்கள் எல்லாரும் இதில் பணம் போட்டதில் ஆச்சரியமில்லை.

கையில் காசு வந்ததா என்றால், சுரங்கத்தில் வாடகை முழுக்க எஜமானனுக்கு. நகரத்துக்குள் கதை வேறு. அக்ரோபோலிஸ் மேல் எரெக்தியோன் கோயில் கட்டிய கணக்கு (கிமு 409 முதல் 407 வரை) இருக்கிறது. அதில் குடிமகனும் வெளியூர்க்காரனும் அடிமையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தூணைச் செதுக்கி, ஒரே கூலி வாங்குகிறார்கள், நாளுக்கு ஒரு திராக்மா. அடிமையின் திராக்மாவை எஜமானன் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு ஏதாவது கொடுத்திருப்பான். திமார்கஸ் என்பவனிடம் செருப்புத் தைக்கும் ஆட்கள் ஒன்பது பத்து பேர் இருந்தார்கள். அவர்கள் தாங்களே தொழில் பார்த்து எஜமானனுக்கு நாளுக்கு இரண்டு ஓபோல் கட்ட வேண்டும், மேஸ்திரி மூன்று ஓபோல். மீதி அவர்களுக்கு. அப்படிச் சேர்த்துத்தான் சிலர் தங்களையே விலைக்கு வாங்கினார்கள். பாசியோன் என்ற வங்கிக்காரர் அடிமையாக ஆரம்பித்து, விடுதலையாகி, அதே வங்கியை நடத்தி, கடைசியில் குடியுரிமையும் பெற்றார். அது அபூர்வம். மற்றபடி ஜெயநகர்க்காரர் சொன்னது சரி, விடுதலையானாலும் ஏதென்ஸில் வெளியூர்க்காரன் அந்தஸ்துதான்.

லவுரியோன் குடைவுகள் இன்றும் இருக்கின்றன. பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை, குனிந்தோ தவழ்ந்தோதான் போக முடியும். சுவரில் எண்ணெய் விளக்கு வைக்க மாடம் வெட்டியிருக்கிறார்கள். கேஜிஎஃப் மூன்று கிலோமீட்டர் ஆழம் போனது, இது அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் ஆளை இறக்கி ஏற்றும் கேஜ் இல்லை, காற்றடிக்கும் மிஷின் இல்லை, உளியும் சுத்தியலும்தான்.

வெளியே வர வழி என்று கேட்டீர்கள். கிமு 413இல் ஸ்பார்ட்டாக்காரர்கள் ஏதென்ஸுக்கு வடக்கே டெகெலியாவில் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். ஓடிப்போக ஒரு இடம் கிடைத்ததும் 20,000 பேருக்கு மேல் ஓடினார்கள், பெரும்பாலும் கைத்தொழில் தெரிந்தவர்கள் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். ஸ்பார்ட்டாவின் ஹெலட்டுகளை (அங்கே நிலத்தோடு கட்டுண்டு உழைத்த அடிமைக் குடிகள்) பார்த்தால் அவர்களிடம் போனது என்ன லாபம் என்று தோன்றும். ஆனாலும் ஓடினார்கள்.

அதே வருடம்தான் நிக்கியாஸ் சிசிலியில் தோற்றுச் சரணடைந்தார். அவரைக் கொன்றுவிட்டார்கள். அவருடைய படையில் பிடிபட்ட 7,000 பேருக்குக் குறையாதவர்களை சிராகூஸ் கல்குவாரியில் தள்ளினார்கள். தலைக்கு நாளுக்குக் கால் லிட்டர் சொச்சம் தண்ணீர், அதைப் போல இரண்டு பங்கு தானியம். பிணங்களுக்கு நடுவில் எழுபது நாள், அதன் பிறகு ஏதென்ஸ்காரர்களும் அவர்களோடு சேர்ந்த சிசிலி, இத்தாலி கிரேக்கர்களும் தவிர மற்றவர்களை விற்றார்கள். துசிடிடீஸ் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார், படித்தால் கண் கலங்கும். ஓடிப்போன அடிமைகளுக்கு அவர் ஒதுக்கியது அந்த எண்ணிக்கையும் ஒரு வரியும்தான்.

---

அல்சூர் வக்கீல் எழுதியது:

கணக்கர் சாருக்குப் பிறகு எழுதுவது கஷ்டம். ரோமை நான் எடுத்துக்கொள்கிறேன், அது என் துறைக்குப் பக்கம்.

ஜெயநகர் தம்பி சொன்னதில் சட்டப்படி தவறு இல்லை. முறைப்படி விடுதலை செய்யப்பட்டால் ரோமக் குடியுரிமை. விடுதலைக்கு ஐந்து சதவீத வரி. விடுதலையான அடிமையின் மகன்தான் கவிஞர் ஹோரஸ். இன்னொருவரின் மகன் பெர்டினாக்ஸ், 193இல் பேரரசராகவே ஆனார். பழைய உலகத்தில் இந்தக் கதவு வேறு எங்கும் இந்த அளவு திறந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கதவுக்கு யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். எழுத்தர், சமையல்காரர், கணக்குப்பிள்ளை, வைத்தியர், எஜமானன் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவர்களிலும் வயது கணக்கு உண்டு: கிபி 4இல் வந்த சட்டப்படி முப்பது வயதுக்குக் கீழே விடுவித்தால் சில விதிவிலக்கு தவிர முழுக் குடியுரிமை இல்லை. விடுதலையான பிறகும் பழைய எஜமானனுக்கு மரியாதை, வருடத்தில் இத்தனை நாள் வேலை என்ற கடமை.

வயலில் இருந்தவர்கள்? ரோம அரசியல்வாதி கேட்டோ விவசாயம் பற்றி எழுதியதைப் பாருங்கள், கிமு இரண்டாம் நூற்றாண்டு. படி அளக்கிற பட்டியல் இருக்கிறது. விலங்கு மாட்டிய ஆட்களுக்குக் குளிர்காலத்தில் நாளுக்கு நான்கு ராத்தல் ரொட்டி, திராட்சைத் தோட்டம் கொத்த ஆரம்பித்ததும் ஐந்து, அத்திப்பழம் பழுத்ததும் மறுபடி நான்கு. பழுத்த பழத்தை எண்ணி ரொட்டியைக் குறைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு போர்வை; புதியது கொடுக்கும்போது பழையதைத் திரும்ப வாங்கிக்கொள், ஒட்டுத் துணி தைக்க ஆகும். எதையெல்லாம் விற்றுவிடலாம் என்ற பட்டியலில் வயதான மாடு, பழைய வண்டி, வயதான அடிமை, நோயாளி அடிமை எல்லாம் ஒரே மூச்சில்.

சந்தைச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது, பிடித்தது என்றால் எந்த அர்த்தத்தில் என்று புரியும். விற்கிறவன் ஆளுக்கு என்ன நோய், என்ன குறை, ஓடிப்போகிற பழக்கம் உண்டா, ஊர் சுற்றுவானா, குற்றம் ஏதாவது செய்து தண்டனை பாக்கி இருக்கிறதா என்பதையெல்லாம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மறைத்தால் வாங்கியவன் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். இன்றைக்கு நாம் நுகர்வோர் வழக்கில் பேசுகிற குறைபாடு, உத்தரவாதம் என்ற வாதங்களில் பல அந்தச் சந்தையில் மாட்டையும் ஆளையும் வைத்துப் பேசிப் பேசித் தீட்டப்பட்டவைதான். வாதி யாராக இருந்தாலும் அந்த ஆள் மட்டும் வாதி ஆக முடியாது.

வீட்டு அடிமை நிலை மேல் என்பதற்கு ஒரு வழக்கு. கிபி 61. ரோம நகரத்தின் தலைமை அதிகாரி பெடானியஸ் செக்குண்டஸை அவர் வீட்டு அடிமை ஒருவனே கொன்றுவிட்டான். விடுதலைக்கு விலை பேசி முடித்துவிட்டு எஜமானன் மாற்றிப் பேசினான் என்பது ஒரு காரணம், காதல் தகராறு என்பது இன்னொன்று. பழைய வழக்கப்படி அதே கூரையின் கீழ் இருந்த அத்தனை அடிமைகளுக்கும் மரண தண்டனை. 400 பேர். பெண்கள், குழந்தைகள், சம்பவமே தெரியாதவர்கள் உட்பட. செனட்டில் விவாதம் நடந்தது. பெரிய சட்ட நிபுணர் காசியஸ் எழுந்து, இவ்வளவு தேசத்து ஆட்களை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம், பயத்தால் தவிர வேறு எதாலும் அடக்க முடியாது என்று பேசினார். அவர் பக்கம் ஜெயித்தது. ஊர் மக்கள் கல்லும் தீப்பந்தமுமாகத் திரண்டு தடுத்தார்கள். வழி நெடுகப் படையை நிறுத்தி நீரோ தண்டனையை நிறைவேற்றினார். ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார். எதிர்த்தவர்கள் சாதாரண ஜனங்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு அப்பனோ தாத்தாவோ அடிமையாக இருந்திருப்பார்கள்.

நல்ல எஜமானன் கதையும் ஒன்று. பேரரசர் ஹாட்ரியன் அடிமைகளுக்குச் சாதகமாகச் சில சட்டங்கள் போட்டவர்தான். அவரே கோபத்தில் எழுத்தாணியால் ஒரு அடிமையின் கண்ணில் குத்திவிட்டார். பிறகு கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும், கேள் என்றார். அவன் பேசவில்லை. மறுபடி மறுபடி கேட்டதும், என் கண்தான் வேண்டும் என்றான். வைத்தியர் கேலன் சொல்லும் செய்தி இது. கேலன் இதிலிருந்து எடுத்த பாடம் என்ன தெரியுமா? கோபம் ஆறிய பிறகு நிதானமாகத் தண்டிக்க வேண்டும் என்பது.

---

ஜெயநகர் நாலாவது பிளாக் எழுதியது:

மேடம், ஒப்புக்கொள்கிறேன், வீட்டுக்கும் வயலுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று. கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் நம் நாட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, இந்தியர்கள் எல்லாரும் சுதந்திரர்கள், இங்கே அடிமையே இல்லை என்று எழுதினாரே. அவர்கள் ஊர் வியாதி நமக்கு இல்லை என்றாவது சந்தோஷப்படலாமா?

---

அல்சூர் வக்கீல் எழுதியது:

ஆரியன் என்ற எழுத்தாளர் மூலம் நமக்கு வந்த வரி அது. மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்தில் சந்திரகுப்தன் காலத்தில் இருந்தார். அதே வம்சத்தில் இரண்டு தலைமுறை தள்ளி அசோகர் தன் பாறைக் கல்வெட்டுகளில், அடிமைகளையும் வேலைக்காரர்களையும் ஒழுங்காக நடத்துங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். இல்லாதவர்களை எப்படி ஒழுங்காக நடத்துவது? ஏலச் சந்தையும் சங்கிலியும் கண்ணில் படாததால் மெகஸ்தனிஸுக்கு இல்லை என்று தோன்றியிருக்கலாம். கிபி முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியாக நம் கரைக்கு வந்த கிரேக்க வணிகர் எழுதிய கையேட்டில், பரூச் துறைமுகத்து ராஜாவுக்குக் கொண்டு போக வேண்டிய சாமான்களில் வெள்ளிப் பாத்திரம், நல்ல ஒயின் இவற்றோடு பாடத் தெரிந்த பையன்களும் அந்தப்புரத்துக்கு அழகான பெண்களும் இருக்கிறார்கள். நம்முடைய சோழர் கல்வெட்டுகளிலும் குடும்பத்தோடு கோயிலுக்குத் தங்களை விற்றுக்கொண்டவர்கள் உண்டு. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சும்மா வரவில்லை. நான் கோர்ட்டுக்கு வந்த புதிதில் செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பங்களின் வாக்குமூலத்தைத் தமிழிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். முன்பணம் எவ்வளவு என்று எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, பாக்கி எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இது பெங்களூருக்கு வெளியே, வண்டியில் போய் வருகிற தூரத்தில்.

கடனுக்கு ஆளைப் பிடிப்பதை அவர்களும் நிறுத்திப் பார்த்தார்கள். ஏதென்ஸில் கிமு 594இல் சோலோன், ரோமில் கிமு 326இல் ஒரு சட்டம். சொந்த ஊர் ஏழையை அடிமையாக்கக் கூடாது என்று முடிவானதும், வெளியூரிலிருந்து வாங்குவது அதிகமாயிற்று.

---

மாரிக்குப்பம் லோக்கல் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஐந்தொகை விஷயத்தை ரயில் நண்பரிடம் அப்படியே சொன்னேன், வாயடைத்துப் போனார். (அடுத்த ஸ்டேஷனில் வேறு வாதத்தோடு திரும்பி வந்தார், அது தனிக் கதை.)

இன்னும் இரண்டு கேட்டுவிடுகிறேன். இவ்வளவு நேரம் நாம் பேசியது எல்லாம் எஜமானர்கள் எழுதியது. வேலை செய்தவன் எழுதியது ஏதாவது உண்டா? அப்புறம், இந்த முறையே தப்பு என்று அந்தக் காலத்தில் யாராவது சொன்னார்களா?

---

பீன்யா கணக்கர் எழுதியது:

முதல் கேள்விக்கு. ஏதென்ஸ் சந்தைத் திடலில் ஒரு கிணற்றைத் தோண்டியபோது ஈயத் தகடு ஒன்று கிடைத்தது. கிமு நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே ஈயம் மலிவு, லவுரியோனில் வெள்ளியைப் பிரித்தால் கூடவே ஈயம்தான் வந்து குவியும். அதைத் தட்டி, கீறி, மடித்தால் கடிதம். லேசிஸ் என்பவன் தன் அம்மாவுக்கும் செனோக்ளிஸ் என்பவருக்கும் எழுதுகிறான். வார்ப்படப் பட்டறையில் செத்துக்கொண்டிருக்கிறேன், கண்டுகொள்ளாமல் இருந்துவிடாதீர்கள், எஜமானர்களிடம் வந்து பேசி எனக்கு வேறு நல்ல இடம் பாருங்கள், படுமோசமான ஒருவனிடம் என்னை ஒப்படைத்திருக்கிறார்கள், சவுக்கடியில் சாகிறேன், கட்டிப் போடுகிறார்கள், குப்பை மாதிரி நடத்துகிறார்கள், நாளுக்கு நாள் அதிகமாகிறது. இவ்வளவுதான் கடிதம். அவன் அடிமையா, தொழில் பழக விடப்பட்ட பையனா என்று ஆராய்ச்சியாளர்களிடையே வழக்கு ஓடுகிறது. எஜமானர்கள் என்று பன்மையில் எழுதுகிறான், அவர்களைத் தவிர இன்னொருவன் கையில் இருக்கிறான். சோசியாஸ் ஒப்பந்தத்தைப் பார்த்த கண்ணுக்கு இது வாடகைக்கு விட்ட கேஸ் என்றுதான் படுகிறது.

கிணற்றில் கிடந்தது என்பதால் அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்காதீர்கள், நானும் அதை யோசித்துப் பார்க்காமல் இருக்கவே முயல்கிறேன்.

---

அல்சூர் வக்கீல் எழுதியது:

இரண்டாவது கேள்வி. சொன்னார்கள், ஆனால் அரை வரியாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அடிமைத்தனம் இயற்கைக்கு விரோதம், வெறும் பலாத்காரம் என்று சிலர் சொல்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார், மறுப்பதற்காக. அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. கடவுள் எல்லாரையும் சுதந்திரமாகவே விட்டார், இயற்கை யாரையும் அடிமையாக்கவில்லை என்று அல்கிடாமஸ் என்ற பேச்சாளர் சொன்னதாக ஒரு உரைக்குறிப்பில் இருக்கிறது. ரோமத் தத்துவவாதி செனெகா அடிமைகளோடு உட்கார்ந்து சாப்பிடு என்று உருக்கமாகக் கடிதம் எழுதினார், தன் ஆட்களை விட்டுவிடவில்லை. வெளிப்படையாக, ஆளை ஆள் உடைமையாக வைத்திருப்பதே பாவம் என்று பேசியவர் நிஸ்ஸா நகர ஆயர் கிரிகோரி, கிபி நான்காம் நூற்றாண்டின் கடைசியில். கடவுளின் சாயலுக்கு எத்தனை ஓபோல் விலை போட்டாய் என்று சபையைப் பார்த்துக் கேட்டார். கணக்கர் சாருக்குப் பிடிக்கும்.

கலகம் செய்தவர்களும் முறையை ஒழிக்கக் கிளம்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தாலியில் பெரிய அடிமைக் கலகம் நடத்திய ஸ்பார்டகஸின் ஆட்கள் தப்பித்து ஊர் போய்ச் சேரவே பார்த்தார்கள் என்பது ஒரு கட்சி. முடிவில் கிமு 71இல் 6,000 பேரைக் காபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் சிலுவையில் அறைந்தார்கள். அதற்கு முன்னால், கிமு 135 வாக்கில், சிசிலியில் யூனஸ் என்ற சிரியா தேசத்து அடிமை என்னா நகரத்தைப் பிடித்துத் தன்னை ராஜா என்று அறிவித்துக்கொண்டான். பிடிபட்ட நகரவாசிகளில் ஆயுதம் செய்யத் தெரிந்தவர்களை மட்டும் கொல்லாமல் விட்டான். அவர்களுக்கு விலங்கு பூட்டிப் பட்டறையில் வேலைக்கு வைத்தான்.